உப்பு போடாத கூழ்

செல்லாயி கூழில் உப்புப் போட்டுக் குடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கேழ்வரகு மாவைப் புளிக்க வைத்து, நொய் போட்டுக் கிண்டி இறக்கியதும், முனியம்மாள் மருமகளுக்கென்று ஒரு குண்டானில் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் உப்பில் கை வைப்பாள். எடுத்து வைத்ததையும் அப்படியே கொடுக்க முடியாது. நொய்யின் முனை உள்கன்னத்தில் பட்டால் செல்லாயிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிடும். அதனால் கரண்டியின் முதுகால் நொய்யைத் தேய்த்துத் தேய்த்து மாவாக்குவாள். தேய்க்கும்போது அவள் வாய் சும்மா இருக்காது.

"ஊர்ல எல்லா வூட்லயும் மருமவ ஆக்கிப் போட்டு மாமியா துன்றா. எங்கூட்ல நான் பச்சக் கொயந்திக்குக் கரைக்கிறா மாரி கரைச்சிக்கினு கீறன். எந்த ஊரு அதிசயம்டி இது?"

"நீ திட்டு அத்தே. திட்டிக்கினே தேச்சா நல்லா மசியுது," என்பாள் செல்லாயி. வாயை அதிகம் திறக்காமலே பேசப் பழகியிருந்தாள்.

உத்திரமேரூர் ஏரிக்கரையை ஒட்டிய காலனியில் அவர்களுடைய வீடு. கூரை வீடு, ஒரே அறை, சமையல் வெளியே. முனியம்மாள், அவள் மகன் பெருமாள், மருமகள் செல்லாயி, கல்யாணத்துக்கு நின்ற மகள் மலர்க்கொடி என்று நாலு பேர். நாலு பேரும் கூலி வேலை. ஏரியில் தண்ணீர் இருந்தால் நடவு, களை, அறுப்பு. தண்ணீர் இல்லாவிட்டால் ரோட்டு வேலை, செங்கல் சூளை.

செல்லாயிக்கு நோய் வந்தது கல்யாணமான மூன்றாம் வருஷம். முதலில் உதட்டின் உட்புறம் ஒரு கொப்புளம். அது ஆறுவதற்குள் இன்னொன்று. பிறகு ஈறெல்லாம் ரத்தச் சிவப்பாகி, உள்கன்னம் பங்குனி மாத ஏரி போல வெடித்துப் பாளம் பாளமாய் நின்றது. கீழுதடு தடித்து வெளியே பிதுங்கியது. மணத்தக்காளிக் கீரை தின்றாள். தேங்காய்ப் பால் குடித்தாள். மாசிக்காய் உரசிப் போட்டாள். கம்பவுண்டர் ஊசி போட்டார். எதற்கும் கேட்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வயிற்றை முறுக்கிப் பிடித்து, கருவேலம் புதருக்கு விடிவதற்குள் நாலு தரம் ஓட வேண்டியிருந்தது. ரத்தம் போயிற்று. கூலிக்காரி எங்கே போகிறாள், எத்தனை தரம் போகிறாள் என்று யார் எண்ணுகிறார்கள்?

காஞ்சிபுரத்தில் பார்த்துவிட்டுப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா டார்ச் அடித்து வாய்க்குள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "வெளிய போறப்ப ரத்தம் போகுதாம்மா?" என்று கேட்டாள்.

"வாயிலதாம்மா புண்ணு," என்றான் பெருமாள்.

"வாயும் குடலும் ஒரே கொழாய்ப்பா. மேல இருக்கற புண்ணு கீழயும் இருக்கான்னு கேக்கறேன். நீ சொல்லும்மா."

செல்லாயி தலையைக் குனிந்து ஆட்டினாள். பெண்டாட்டிக்கு ரத்தம் போகிறது என்று பெருமாளுக்கு அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது. திரும்பி வரும்போது அவன் வாலாஜாபாத்தில் இறங்கி ஒரு டஜன் வாழைப்பழம் வாங்கி அவள் மடியில் வைத்தான். அவ்வளவுதான்.

முதலில் கொடுத்த மாத்திரை ஒரு நாளைக்கு எட்டு. பத்தே நாளில் புண் மூடிக்கொண்டது. முகம் மட்டும் பூசணிக்காய் மாதிரி உப்பியது. எட்டை ஆறாக்கி, ஆறை நாலாக்கி, இரண்டுக்கு வந்ததும் வாய் பழையபடி வெடித்தது. மறுபடி எட்டு, மறுபடி இரண்டில் வெடிப்பு. மூன்றாம் தடவை டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தாள்.

"இதையே வருஷக்கணக்கா குடுத்தா எலும்பு உளுத்துப் போயிடும். வேற ஒண்ணு தரேன். குடலுக்கு இந்த மஞ்ச மாத்திரை. வாய்க்கு இந்தச் சின்ன வெள்ள மாத்திரை. இது எல்லாருக்கும் கேக்கும்னு இல்ல. ஒனக்குக் கேக்குதா பாப்போம். மெதுவாத்தான் வேல செய்யும். மாசா மாசம் ரத்தம் குடுத்துப் பாக்கணும். நீயா நிறுத்தக் கூடாது, தெரியுதா?"

கேட்டது. ஆறு வாரத்தில் உதடு வற்றியது. ஆடி மாதம் ஒருநாள் செல்லாயி கல்லுப்பு ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றாள். முனியம்மாள் அகப்பையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எரியல அத்தே."

"தூ, பைத்தியக்காரி! அதுக்கு ஏன்டி அயுவுற?" என்றாள் முனியம்மாள். அன்றைக்கு நெத்திலிக் கருவாடு வாங்கிக் குழம்பு வைத்தார்கள்.

நடவு சமயத்தில் பட்டணம் போய்வர இரண்டு நாள் வேலை கெடுகிறது என்று பெருமாள் சொன்னதால், டாக்டரம்மா ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். அந்த வெள்ளை மாத்திரை கிராமத்துக்கு வரும் தொழுநோய்ச் சிப்பந்தியிடமே கிடைக்கும், இந்தப் பெண்ணுக்கு அந்த நோய் இல்லை, வாய்ப்புண்ணுக்காகக் கொடுக்கவும் என்று எழுதியிருந்தாள். பெருமாளுக்கு இதில் உறுத்தல் எதுவும் இல்லை. மருந்து கிட்டத்திலேயே கிடைக்கிறதே என்றுதான் பட்டது.

சிப்பந்தி பெயர் ஏசுதாஸ். காக்கிப் பையும் தகர டப்பாவுமாக சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றுகிறவர். பெருவியாதி வந்தவர்களுக்கு அவர் கொடுப்பதும் இதே வெள்ளை மாத்திரைதான். எந்த நோயாளி வீட்டு வாசலிலும் அவர் நின்றதில்லை. நின்றால் அந்த வீட்டோடு ஊர் பேச்சை நிறுத்திவிடும் என்று பதினைந்து வருஷ அனுபவத்தில் தெரியும். ஏரி மதகுப் பக்கம் புளிய மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பீடி பிடிப்பதுபோல் காத்திருப்பார். மாடு ஓட்டிப் போகிறவன் மாதிரி, புல்லுக்குப் போகிறவள் மாதிரி வந்து வாங்கிக்கொண்டு போவார்கள்.

செல்லாயி விஷயத்தில் அவர் அப்படிச் செய்யவில்லை. நோய் இல்லாதவளுக்கு மறைப்பு எதற்கு என்று நினைத்தார். புரட்டாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலனி நடுவே மணி அடித்துக்கொண்டு வந்து, அவள் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "செல்லாயி, மாத்திரை வந்துடுச்சும்மா!" என்று சத்தமாகக் கூப்பிட்டார். டப்பாவைத் திறந்து எண்ணிக் கொடுத்தார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் தாமோதரன் கழனியில் நடவு. பதினாலு பெண்கள். மத்தியானம் வரப்பில் உட்கார்ந்ததும் கூழ்ப்பானை வந்தது. அலுமினிய டம்ளர் ஒன்றுதான். அது கை மாறிக் கை மாறிப் போகும். நடவு ஆட்களுக்குத் தலைவியான எல்லம்மாள் ஊற்றிக்கொண்டே வந்தாள். செல்லாயி முறை வந்தபோது டம்ளரைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு பானையைச் சாய்த்தாள்.

"கைய ஏந்து."

"இன்னாக்கா, டம்ளர் இன்னா ஆச்சி?"

"டம்ளர் கீது. நீ கைய ஏந்து."

மற்றவர்கள் வெங்காயம் கடிப்பதை நிறுத்தினார்கள்.

"நேத்து ஒங்கூட்டுக்கு யாரு வந்தது?"

"ஏசுதாஸ் சாரு. மாத்தர குடுக்க."

"அந்தாளு இன்னா மாத்தர குடுக்கறாருன்னு இந்த ஏரிக்கரயில தெரியாத மனுசன் கீறானா? எங்க சின்ன மாமன் பதினோரு வருசம் துன்னாரு அத்த."

"எனுக்கு அது இல்லக்கா. எனுக்கு வாயிப் புண்ணு. அதுக்கும் இந்த மாத்தர கேக்குதாம். டாக்டரம்மா லெட்டர் குடுத்தாங்கோ."

"ஒதடு தடிச்சிக்கினு, மூஞ்சி ஊதிக்கினு நீ ரெண்டு வருசம் கீறத நாங்க பாக்கலியா? எங்க மாமனுக்கும் மொதல்ல காதும் மூஞ்சியும்தான்டி தடிச்சிது. அப்பாலதான் வெரலு."

சுலோச்சனா என்ற சின்னப் பெண் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "ரெண்டு வருசமா நம்ம கூடத்தான் இந்த டம்ளர்ல தண்ணி குடிச்சிது அந்தக்கா. ஒட்டிக்கிறதா இருந்தா இந்நேரம் நம்ம பதினாலு பேரும் ஒதட்டத் தூக்கினு நடவு நட்டுக்கினு கீணும்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"ஒட்டாதுன்னு நீ எய்திக் குடுக்கறியாடி? குடு. அப்பால நான் டம்ளர் குடுக்கறன்," என்றாள் எல்லம்மாள்.

செல்லாயி கையைச் சேற்று நீரில் அலசிவிட்டு ஏந்தினாள். கூழ் விரலிடுக்கில் ஒழுகியது. குடித்துவிட்டு எழுந்து தான் நடும் பத்திக்குப் போய், மற்றவர்கள் எழுவதற்கு முன்பே நாற்றைப் பிரித்து நடத் தொடங்கினாள். அவள் பத்திக்கும் அடுத்தவள் பத்திக்கும் அன்று சாயங்காலம் ஒரு ஆள் இடைவெளி விழுந்தது.

மலர்க்கொடிக்கு மாகறலில் இடம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வாலாஜாபாத்தில் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறான். மலர்க்கொடிக்கு இருபத்து மூன்று முடிந்துவிட்டது. மூன்று இடம் வந்து தட்டிப்போய் நாலாவதாக நிலைத்த இடம். தை மாதம் அறுப்பு முடிந்ததும் கல்யாணம் என்று வெற்றிலை பாக்கு மாற்றியிருந்தார்கள்.

பேச்சு மாகறலுக்குப் போக இருபது நாள் ஆனது. ஐப்பசி அடைமழை விட்ட ஒரு நாளில் மாப்பிள்ளையின் தாய் ராணியம்மாள் தனியாகப் புறப்பட்டு வந்தாள். வெடுக்கென்று பேசுகிறவள் அல்ல. பாயில் உட்கார்ந்தாள். மலர்க்கொடி கொண்டுவந்த சொம்பைக் கையால் தொட்டுத் தள்ளி வைத்தாள்.

"தண்ணி குடிங்கோ சம்பந்தி."

"இப்பதான் குடிச்சன்." பாயின் ஓரத்தை நீவிவிட்டு, "பொண்ணு மேல எனுக்கு ஒரு கொற இல்ல. எம் மவன் மில்லுல நாலு பேரோட ஒரே எலையில துன்றவன். இந்த வூட்ல பெருவியாதி கீதுன்றாங்கோ. இல்லன்னா சந்தோசம். அந்த மாத்தர இன்னாத்துக்கு உள்ள வருது? அத்த மட்டும் சொல்லுங்கோ."

"என் மருமவளுக்கு வாயிப் புண்ணும்மா."

"வாயிப் புண்ணு எனுக்கும்தான் வரும். கீர துன்னா போவுது. அதுக்குப் பட்ணமா? அதுக்கு அந்தாளா?"

முனியம்மாள் குடல், வாய், ஒரே குழாய் என்று மகன் சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். அவள் காதுக்கே அது கட்டுக்கதை மாதிரி இருந்தது.

பெருமாள் ஓடிப்போய் ஏசுதாஸை அழைத்து வந்தான். விஷயம் கேட்டு அவருக்கு முகம் சுண்டிவிட்டது. தன் தப்பைத் தானே சரி செய்துவிடலாம் என்று நம்பினார். வாசலில் செல்லாயியை மணை போட்டு உட்கார வைத்து, கண்ணை மூடச் சொன்னார். பையிலிருந்து கோழி இறகு ஒன்றை எடுத்தார். காலனியே கூடி நின்றது.

"நான் தொடற எடத்த வெரலால காட்டணும்."

புறங்கை, முழங்கை, கன்னம், காது மடல், கெண்டைக்கால். இறகு பட்ட இடமெல்லாம் செல்லாயி விரலை வைத்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"பாத்தீங்களா? அந்த நோய் இருந்தா உணர்ச்சி செத்திருக்கும். இவளுக்கு எல்லாம் இருக்கு. மாத்திரை ஒண்ணுதான், நோய் வேற. ஒரே அருவாதான் நெல்லும் அறுக்குது, புல்லும் அறுக்குது. இல்லியா?"

"அறுக்கும் சார்," என்றாள் கூட்டத்திலிருந்த எல்லம்மாள். "ஆனா நெல்லறுக்கற அருவாளோட ஒருத்தன் களத்துல நின்னா, அவன் புல்லுக்கு வந்தான்னு யாரு சொல்லுவா?"

ராணியம்மாள் எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "நீங்கோ சொல்றது மெய்யாவே இருக்கட்டும் சார். நல்லவராத்தான் தெரியறீங்கோ. நீங்கோ வந்து போற வூட்டுல நான் பொண்ணெடுக்க முடியாது. என்னிய மன்னிச்சிடுங்கோ."

அவள் தெரு முனை தாண்டுவதற்குள் செல்லாயி மணையிலிருந்து எழுந்தாள்.

"சார், இனிமே நீங்கோ வராதீங்கோ."

"மதகாண்ட வந்து வாங்கிக்கம்மா. இல்ல, பட்டணத்துக்கே போ."

"அங்க வந்து வாங்குனா பெருவியாதியேதான்னு முடிவு பண்ணிடுவாங்கோ. பஸ் ஏறுனாலும் அதான். தை வரிக்கும் வாணாம் சார். மலரு போய்ச் சேரட்டும். அப்பால குடுங்கோ, கை நெறைய வாங்கித் துன்றன்."

"நிறுத்துனா திரும்பிடும் செல்லாயி. இது விட்டுப் புடிக்கற நோய் இல்ல."

"ரெண்டு வருசம் தாங்குன வாயிதான் சார். மூணு மாசம் தாங்காதா?"

பெருமாள் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தாய் முகத்தைப் பார்த்தான், தங்கை முகத்தைப் பார்த்தான், குனிந்துகொண்டான். முனியம்மாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். மலர்க்கொடிதான் அழுதாள்.

"எனுக்கு இந்தக் கண்ணாலமே வாணாம் அண்ணி."

"மூடுடி. இது நாலாவது எடம். அஞ்சாவதுக்கு எந்தக் கெயவன் வந்து நிக்கப் போறான்?" என்றாள் செல்லாயி.

வீட்டில் எந்த மாத்திரையும் யார் கண்ணிலும் படக்கூடாது என்று, மீதமிருந்ததை, வெள்ளையும் மஞ்சளும், ஏசுதாஸ் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். பெருமாள் மாகறலுக்கு நடந்துபோய் மாத்திரையை நிறுத்தியாயிற்று என்று சொல்லிவிட்டு வந்தான். மாத்திரை இல்லாமலே வற்றிய உதடும் தெளிந்த முகமுமாகச் செல்லாயியை வாலாஜாபாத் சந்தையில் ஒருநாள் ராணியம்மாள் பார்த்தாள். தை பதினெட்டு என்று நாள் குறித்து ஆள் அனுப்பினாள்.

கார்த்திகை தாங்கியது. மார்கழிக் கடைசியில் முதல் கொப்புளம் வந்தது. பொங்கலன்று உதடு கனத்தது. அறுப்புக்குப் போன இடத்தில் வெயில் பட்டு விண்விண்ணென்று தெறித்தது. முனியம்மாள் உப்புக்கு முன்பாகக் கூழை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். இந்தத் தடவை திட்டவில்லை. செல்லாயிக்கு அது நோயைவிடக் கஷ்டமாக இருந்தது.

"திட்டு அத்தே. மசிய மாட்டன்னுது பாரு."

கல்யாணத்துக்கு அவளை விட்டுவிட்டுப் போகலாமா என்று ஒரு யோசனை இருந்தது. அண்ணன் பெண்டாட்டி இல்லாமல் பெண்ணை யார் மணையில் உட்கார வைப்பது? வராமல் போனால் அதுவே பெருவியாதிக்குச் சாட்சி ஆகிவிடும். முந்தானையை இழுத்து மோவாயோடு மூடிக்கொண்டு, பல் வலி என்று சொல்லிக்கொள்ளச் சொல்லி அழைத்துப் போனார்கள். மாகறலில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் ஓலைப் பந்தல். தாலி ஏறியது. இனி என்ன என்று பெருமாள் மூச்சு விட்டான்.

பந்திக்குப் பாய் விரித்தார்கள். ராணியம்மாள் தன் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டி, "செல்லாயி, இப்புடி வந்து உக்காரு," என்றாள். மாகறல்காரர்கள் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராணியம்மாளுக்கு அவர்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது. தனக்கும் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

செல்லாயி முந்தானையை எடுத்தாள்.

"பல்லு வலிதான். ஒதடு கொஞ்சம் வீங்கிக்கினு கீது," என்றாள் தானாகவே.

"துன்னு. கண்ணாலச் சோறு துன்னா பல்லு வலி போய்டும்."

கொதிக்கும் சாம்பார் விழுந்தது. பூசணிக் கூட்டு, மாங்காய் ஊறுகாய், அப்பளம். கையில் சாம்பார் வாளியோடு எதிர்ப் பக்கம் நின்ற முனியம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். செல்லாயி சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் வைத்தாள். மென்றாள். முகம் அசையவில்லை. கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது. அடுத்த கவளம். ஊறுகாயைத் தொட்டு நக்கினாள். பிறகு, யாரும் கேட்காமலே, அப்பளத்தை ஒடித்து வாயில் போட்டுக் கடித்தாள். அந்தச் சத்தம் முனியம்மாளுக்குப் பந்தல் முழுவதும் கேட்டது. ரசம் வாங்கினாள். பாயசம் வாங்கினாள். இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் மடித்தாள்.

ராணியம்மாளின் முகம் இளகிவிட்டது. செல்லாயி குடித்து வைத்திருந்த டம்ளரில் பாதித் தண்ணீர் இருந்தது. எல்லோரும் பார்க்க ராணியம்மாள் அதை எடுத்து வாய் வைத்துக் குடித்தாள்.

"ஊரு வாயி பொல்லாத வாயிம்மா," என்றாள்.

வைக்கோல் போருக்குப் பின்னால் செல்லாயி குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாயைக் கழுவினாள். முனியம்மாள் சொம்பிலிருந்து ஊற்றினாள். கொப்பளித்த தண்ணீர் சிவப்பாக வந்து வைக்கோலில் ஊறியது. மூன்று சொம்பு ஊற்றியும் நிறம் மாறவில்லை.

"ரெண்டு வாய் துன்னுட்டு எய்ந்திருக்கலாமே. எல்லாத்தயும் ஏன்டி துன்ன? அப்பளத்த வேற."

செல்லாயிக்குப் பேச்சு சரியாக வரவில்லை. "பாதி துன்னா... பாதிதான் நம்புவாங்கோ."

அதற்குப் பிறகு அவள் வாயில் தண்ணீரும் நிற்கவில்லை. மூன்றாம் நாள் வயிறு முறுக்க ஆரம்பித்தது. இந்த முறை புதருக்கு ஓடக்கூட முடியவில்லை. படுத்த இடத்திலேயே ரத்தமாகப் போனது. பெருமாள் மதகுக்கு ஓடி ஏசுதாஸை இழுத்து வந்தான். அவர் மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவிப் பார்த்தார். விழுங்க முடியவில்லை. தன் கையாலேயே அவளைத் தூக்கி வண்டியில் படுக்க வைத்தார். காஞ்சிபுரத்தில் குளுகோஸ் ஏற்றி, பட்டணத்துக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். வயிறு பானை மாதிரி கெட்டியாகியிருந்தது. குடல் ஓட்டை விழுந்துவிட்டது என்றார்கள். பட்டணத்து வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது.

தை முடிவதற்குள் காலனிக்குக் கொண்டுவந்து வாசலில் கிடத்தினார்கள். எல்லம்மாளும் நடவுக்காரிகளும் தெருவோடு நின்றார்கள். சுலோச்சனா மட்டும் கிட்டே வந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஏசுதாஸ் சைக்கிளைத் தெரு முனையிலேயே நிறுத்திவிட்டு, கிட்டே வரலாமா கூடாதா என்று தெரியாமல் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றார். மாகறலிலிருந்து மலர்க்கொடியோடு ராணியம்மாள் வந்தாள். மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். "எம் பக்கத்துல உக்காந்து துன்னாளே, எம் பக்கத்துல உக்காந்து துன்னாளே," என்றாள். எதற்காக அப்படித் தின்றாள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மலர்க்கொடி சொல்ல வாயைத் திறந்தாள். முனியம்மாள் வேண்டாம் என்று தலையை அசைத்தாள். மலர்க்கொடி திரும்பவும் வாயை மூடிக்கொண்டாள்.

பறை அடங்கியது. வாய்க்கரிசித் தட்டு வந்தது. "மாமியாக்காரி மொதல்ல போடட்டும்," என்றார்கள்.

முனியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிடி பச்சரிசி எடுத்தாள். மருமகளின் வாயைப் பார்த்தாள். உதடு வீங்கியபடியே காய்ந்து வெடித்திருந்தது. கையிலிருந்த அரிசியைப் பார்த்தாள்.

"மலரு, ஒரு சொம்புத் தண்ணி கொண்டாடி."

"இன்னாத்துக்கும்மா?"

"கொண்டாடின்றன்ல."

தண்ணீர் வந்தது. உள்ளங்கை அரிசியில் கொஞ்சம் ஊற்றி, மற்றக் கையின் கட்டைவிரலால் தேய்க்க ஆரம்பித்தாள். அரிசி நசுங்கவில்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டாள்.

"இன்னாக்கா பண்ற? நேரமாவுது," என்றது ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல்.

"இருங்கோ. ஊறட்டும்," என்றாள் முனியம்மாள், தலை தூக்காமல். "இப்புடியே போட்டா குத்தும் அவுளுக்கு."

தேய்த்துக்கொண்டே இருந்தாள். தூக்க வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தெரு ஓரத்தில் உட்கார்ந்தார்கள்.